பட்டாலிக் ஃபைலுக்கு வயது முடிந்துவிட்டது

பெறுநர்: வரலாற்றுப் பிரிவு, பாதுகாப்பு அமைச்சகம், புது தில்லி

ஐயா, அம்மா, வணக்கம்.

நான் வரலாற்று ஆய்வாளன் இல்லை, பத்திரிகைக்காரனும் இல்லை, திருச்சிக்காரன், அவ்வளவுதான். அப்பா ராணுவத்தில் கிளார்க்காகச் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். துப்பாக்கியைவிட டைப்ரைட்டரையும் கார்பன் பேப்பரையும் அதிகம் தூக்கியவர் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அவரிடம் கார்கிலைப் பற்றிக் கேட்டால் யார் எந்தச் சிகரத்தைப் பிடித்தார்கள் என்று ஆரம்பிக்க மாட்டார், "அன்னிக்கு வார் டைரியில என்ன எழுதுனாங்களோ, அதைப் பாத்தாத்தான் தெரியும்" என்பார். சின்ன வயதில் எனக்கு அது எரிச்சலாக இருக்கும். இப்போது அவர் கேட்டதைத்தான் நான் உங்களிடம் கேட்க வந்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். கார்கில் சண்டை முடிந்து 25 ஆண்டுகள் 2024 ஜூலையோடு நிறைந்துவிட்டன. 2021 ஜூன் மாதம் உங்கள் அமைச்சகமே ஒரு கொள்கையை அறிவித்தது: போர் ஆவணங்கள் பொதுவாக 25 ஆண்டுகளில் ரகசியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட வேண்டும், போர் முடிந்த 2 ஆண்டுக்குள் ஒரு குழு அமைய வேண்டும், அதற்கடுத்த 3 ஆண்டுக்குள் வரலாறு எழுதி முடிக்கப்பட வேண்டும், வார் டைரி (போர் நாட்குறிப்பு) உள்ளிட்ட காகிதங்களையெல்லாம் முப்படைகளும் உங்கள் பிரிவுக்கு அனுப்பிவைக்க வேண்டும். நல்ல கொள்கை, நானும் கைதட்டினேன். அந்தக் கணக்குப்படி கார்கில் காகிதங்களுக்கு வயது முடிந்துவிட்டது, திறந்துவிடுங்கள் என்பதுதான் இந்தக் கடிதம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டச் சொல்லவில்லை. கார்கில் சண்டை நடந்த மலைப்பகுதிகளில் ஒன்றான பட்டாலிக்கில் இருந்து ஆரம்பியுங்கள்.

ஏன் பட்டாலிக் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் கண்டோன்மென்ட் பகுதியில் மேஜர் மாரியப்பன் சரவணனுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. பீகார் ரெஜிமென்ட், முதல் பட்டாலியன். 1999 மே 29 விடியற்காலையில் பட்டாலிக் மலையில் பாயிண்ட் 4268 என்ற இடத்தைப் பிடிக்கப் போனவர். (பெயரில்லாத சிகரங்களை வரைபடத்தில் இருக்கிற உயரத்தை வைத்தே கூப்பிடுவார்கள், அது மீட்டர் கணக்கு. 4268 மீட்டர் என்றால் 14,000 அடி. நம் தொட்டபெட்டாவைவிட ஐயாயிரம் அடிக்கு மேல் கூடுதல்.) ராக்கெட் லாஞ்சரால் எதிரியின் பங்கரை அடித்தார், சிதறல் பட்டுக் காயம், அதோடு மேலே போனார், அங்கேயே விழுந்தார். வயது 26. அவருடைய படையைச் சேர்ந்த நாயக் கணேஷ் பிரசாத் யாதவும் அதே நாளில் அங்கேயே இறந்தார். இரண்டு பேருக்கும் வீர் சக்ரா. ஆனால் சரவணனின் உடலைக் கீழே கொண்டுவர முடியவில்லை. மேலே அவர்கள், கீழே இவர்கள், நடுவே அந்தச் சரிவு. ஜூலை முதல் வாரத்தில்தான் உடல் கிடைத்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த ஜூன் மாதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடம் திறந்த நேரம், புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருப்போம், பக்கத்து வீட்டு அக்கா தினமும் சாயங்காலம் வந்து அப்பாவிடம், "என்ன சார், இன்னும் கொண்டுவரலியா?" என்று கேட்பார். அப்பா தலையை மட்டும் ஆட்டுவார். யாருடைய உடல் என்று அந்தக் கேள்வியில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இவ்வளவு தெரிந்த எங்கள் ஊரிலேயே இன்றைக்கு என்ன நடக்கிறது தெரியுமா? ஒவ்வொரு ஜூலை 26, கார்கில் வெற்றி தினத்துக்கும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வருகிறது. மேஜர் சரவணன் டைகர் ஹில்லில் வீரமரணம் அடைந்தார் என்று. டைகர் ஹில் இருப்பது கார்கிலுக்கு மேற்கே திராஸ் பக்கம், பட்டாலிக் இருப்பது கார்கிலுக்கு வடகிழக்கே சிந்து நதி ஓரம். டைகர் ஹில் பிடிபட்டது ஜூலை 4, இவர் இறந்தது மே 29. திருத்திச் சொன்னால், "ரெண்டும் கார்கில்தானே, என்ன இப்ப" என்று ஒரு சித்தப்பா. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? திராஸ் ஸ்ரீநகர்-லே நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது, டோலோலிங்கையும் டைகர் ஹில்லையும் ரோட்டில் நின்றே பார்க்கலாம், டிவி கேமராக்கள் அங்கேதான் நின்றன. பட்டாலிக் ஒதுங்கிய மூலை, கேமரா அவ்வளவாகப் போகவில்லை. அங்கே நடந்ததற்கு ஆள் சாட்சி இருக்கிறது, காகிதச் சாட்சி இருக்கிறது. ஆள் சாட்சி குறைந்துகொண்டே வருகிறது.

ஆள் சாட்சி என்றதும் தாஷி நம்கியால் ஞாபகம் வருகிறது. கர்கோன் கிராமத்துக்காரர், 1999 மே மாதத் தொடக்கத்தில் காணாமல் போன தன் யாக்கைத் தேடி மலையேறி, பைனாகுலரில் பார்த்தபோது மேலே ஆட்கள் இருப்பதைக் கண்டு ராணுவத்துக்குச் சொன்னவர். உளவு அமைப்புகள் கோட்டைவிட்டதை ஒரு மேய்ப்பர் பிடித்தார், அதுவும் இந்த பட்டாலிக் மலையில்தான். 2024 டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார். அவர் சொன்னதை அன்றைக்கு யார் எழுதிக்கொண்டார்கள், எத்தனை மணிக்கு எழுதினார்கள், அது எந்த மேசைக்குப் போய் எத்தனை நாள் கிடந்தது, இதெல்லாம் உங்கள் காகிதத்தில்தான் இருக்கும்.

வார் டைரி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் இது திறந்த மடல், மற்றவர்களும் படிப்பார்கள், அதனால் அப்பா சொன்னதைச் சொல்கிறேன். போர்க்காலத்தில் ஒவ்வொரு யூனிட்டும் அன்றாடம் எழுதி வைக்க வேண்டிய குறிப்பு அது. தேதி, நேரம், இடம், நடந்தது. எந்த உத்தரவு எப்போது வந்தது, எந்த கம்பெனி எப்போது கிளம்பியது, பீரங்கி ஆதரவு கேட்டோமா, கிடைத்ததா, எத்தனை பேர் காயம், எத்தனை பேர் இல்லை. அதில் வீரவசனத்துக்கு இடமே கிடையாது என்பார். "சூப்பரா எழுதுனா சுபேதார் சாப் திட்டுவார், 'நாவலா எழுதுற'ம்பார்." அதனால்தான் அதை நம்பலாம் என்பது அவருடைய கட்சி. எவனும் படிக்க மாட்டான் என்று நினைத்து எழுதியதில் பொய் குறைவாக இருக்குமாம்.

சண்டை முடிந்த பிறகு மேலே இருப்பவர்கள் எழுதுகிற அறிக்கை வேறு சமாச்சாரம். அதில் யாருக்குப் பேர், யாருக்கு மெடல், யாருக்கு பிரமோஷன் என்பதெல்லாம் கலந்துவிடும். இதைச் சும்மா சொல்லவில்லை, இதே பட்டாலிக்கில் நடந்திருக்கிறது. அங்கே 70-ஆவது இன்ஃபன்ட்ரி பிரிகேடை நடத்தியவர் பிரிகேடியர் தேவிந்தர் சிங். சண்டைக்குப் பிறகு எழுதப்பட்ட அறிக்கையில் தன் பங்கு குறைத்துக் காட்டப்பட்டது என்று வழக்குப் போட்டார். 2010 மே மாதம் ஆயுதப் படைத் தீர்ப்பாயம், அவருக்கு மேலதிகாரியான அப்போதைய கோர் கமாண்டர் அவரிடம் பாரபட்சமாக நடந்துகொண்டார், அறிக்கை சரியில்லை என்று சொன்னது. ஒரு பிரிகேடியர் தன் பங்கு என்ன என்று நிறுவ பதினோரு ஆண்டு கழித்துத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது என்றால், சிப்பாய்கள், நாயக்குகள், அவர்களுடைய வீட்டுக்காரர்கள் எல்லாம் எங்கே போவார்கள்? அவர்களுக்கு வக்கீல் வைக்க வசதி இல்லை, வைத்தாலும் எந்தக் காகிதத்தைக் கேட்பது என்று தெரியாது.

அதற்கு நீங்கள், கார்கில் மறுஆய்வுக் குழு அறிக்கைதான் வந்துவிட்டதே, புத்தகமாகவே கிடைக்கிறதே என்று சொல்லலாம். சரி, அதற்கும் வருகிறேன். அந்தக் குழுவின் தலைவர் கே. சுப்பிரமணியம். அவரும் திருச்சியில் பிறந்தவர்தான், ஊர்ப்பாசத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். (கொஞ்சம் இருக்கிறது.) 1999 ஜூலை 29-இல் குழு அமைத்தார்கள், டிசம்பர் 15-இல் அறிக்கை முடிந்துவிட்டது, ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைத்துவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் நம் நாட்டில் எந்த அறிக்கை வந்திருக்கிறது? ஆனால் சில பகுதிகளை நீக்கிவிட்டுத்தான் வெளியிட்டார்கள். அதைவிட முக்கியமானது, குழுவுக்குக் கொடுத்த வேலையே ஊடுருவல் வரைக்குமான சம்பவங்களை ஆராய்வதும் இனி என்ன செய்வது என்று சொல்வதும்தான். சண்டை எப்படி நடத்தப்பட்டது என்பது அவர்களுக்குக் கொடுத்த வேலையில் இல்லை. மே 29 அன்று பாயிண்ட் 4268-க்கு ஏறச் சொன்னது சரியா, தவறா, அப்போது மேலே இருப்பது யார் என்று நமக்கு என்ன தெரிந்திருந்தது என்பதையெல்லாம் அந்தப் புத்தகத்தில் தேடக்கூடாது.

இன்னொன்று. போர் வரலாறு எழுத வேண்டும், ஆவணங்களை வெளியிடத் தெளிவான கொள்கை வேண்டும் என்று பரிந்துரைத்ததே அந்தக் குழுதான். 2021 அறிவிப்பில் நீங்களே அதைச் சொல்லியிருக்கிறீர்கள். சுப்பிரமணியம் சொல்லி 21 ஆண்டு கழித்துக் கொள்கை வந்தது, அதைப் பார்க்க அவர் இல்லை, 2011-லேயே போய்விட்டார்.

நான் கேட்கிற கேள்விகள் யாரையும் கூண்டில் ஏற்றுவதற்காக இல்லை. அப்பாவும் அவருடைய பழைய சகாக்களும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். முதல் சில வாரங்களில், மேலே உட்கார்ந்திருப்பது கொஞ்சம் தீவிரவாதிகள், விரட்டிவிடலாம் என்ற கணிப்பில்தான் பட்டாளங்களை ஏற்றினார்கள். உண்மையில் மேலே இருந்தது பாகிஸ்தானின் நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரி, பங்கர் கட்டி, மெஷின்கன் வைத்து, சாப்பாடு சேர்த்து உட்கார்ந்திருந்த முறையான ராணுவம். இது நமக்கு எந்தத் தேதியில் உறுதியானது? அந்தத் தேதி மே 29-க்கு முன்பா, பின்பா? போபர்ஸ் பீரங்கிகள் டோலோலிங்கில் ஜூன் மாதம் செய்த வேலையை பட்டாலிக்கில் மே மாதம் செய்ய முடியாமல் போனதற்குக் காரணம் பீரங்கி இல்லாததா, ரோடு இல்லாததா, நேரம் இல்லாததா? பட்டாலிக்கிலேயே இருக்கிற ஜுபார் மலையை ஜூலை முதல் வாரத்தில் அதே முதல் பீகார் பிடித்தபோது என்ன மாற்றிச் செய்தார்கள்? நாளைக்கு இன்னொரு மலையில் இன்னொரு 26 வயதுப் பையனை ஏற்றுகிறவர்களுக்கு இதெல்லாம் உதவாதா என்ன?

எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். அவர்கள் முதலில் எங்கள் ராணுவமே இல்லை என்றார்கள், செத்த பிள்ளைகளின் உடலைக்கூட வாங்க மறுத்தார்கள், நம் ஆட்கள்தான் அங்கேயே மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அவர்களுடைய கேப்டன் கர்னல் ஷேர் கான் (கர்னல் என்பது பதவி இல்லை, அவர் பெயரே அப்படி) டைகர் ஹில்லில் எப்படிச் சண்டை போட்டார் என்று நம் பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா ஒரு குறிப்பு எழுதி அவருடைய உடலோடு சேர்த்து அனுப்பினார், பிறகு பாகிஸ்தான் அவருக்குத் தன் உயர்ந்த விருதைக் கொடுத்தது. எதிரியின் வீரத்தையே எழுதிக் கொடுத்தவர்கள் நாம். அந்த பாகிஸ்தான் ராணுவமே 2010-இல் தன் இணையதளத்தில் பட்டாலிக்-கார்கில் பகுதியில் இறந்த 453 பேரின் பெயர்களைப் போட்டது. பதினோரு வருஷம் மூடி வைத்த கதை, சத்தமில்லாமல் ஒரு பட்டியலாக வந்தது. நம் 527 பேரின் பெயர்கள் என்றைக்கும் மறைக்கப்பட்டதில்லை, திராஸ் நினைவிடத்தில் சுவரில் பொறித்திருக்கிறது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பெயரைப் பொறித்தால் மட்டும் போதும் என்று ஏன் நினைக்க வேண்டும்?

பாதுகாப்புக் காரணம் என்பீர்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு அங்கேதான் இருக்கிறது, அதே முகடுகளில் இன்றைக்கும் நம் பையன்கள் பனியில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தக் காவல் நிலைக்கு எந்த வழியாக ஏறுவது, எந்த உளவாளி என்ன சொன்னான், ரேடியோ ஒட்டுக்கேட்பு எப்படி நடந்தது, இதையெல்லாம் மை போட்டு அழித்துவிட்டே கொடுங்கள். பக்கத்தில் பாதி கறுப்பாக இருந்தாலும் மீதிப் பாதியை நாங்கள் படித்துக்கொள்கிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டமே 20 ஆண்டு தாண்டிய விஷயங்களைக் கொடுக்கச் சொல்கிறது, நாட்டின் பாதுகாப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. விலக்கு என்றால் விலக்காக இருக்க வேண்டும், ஃபைல் முழுவதற்கும் போர்த்துகிற போர்வையாக இருக்கக்கூடாது.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா. முதல் உலகப் போரில் 1914-இல் பிரான்ஸ் நாட்டுச் சேற்றில் நின்ற இந்தியப் பட்டாலியன்களின் வார் டைரிகள் லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கிற ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. திருச்சியில் உட்கார்ந்துகொண்டு செல்போனிலேயே அவற்றைத் தேடி இறக்கிக்கொள்ளலாம். எந்த நாளில் எத்தனை பேர் காயம், எத்தனை பேர் காலில் குளிர் ஏறிப் படுத்தார்கள் என்று கிறுக்கல் கையெழுத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரன் எழுதி வைத்த நம் சிப்பாயின் கதை எனக்குக் கிடைக்கிறது, நம் ராணுவமே எழுதிய நம் சிப்பாயின் கதை கிடைக்கவில்லை. இதில் நான் யாரிடம் கோபப்படுவது?

பழைய கதை வேறு பயமுறுத்துகிறது. 1965, 1971 போர்களின் அதிகாரபூர்வ வரலாறு 1992-லேயே எழுதி முடிந்து அலமாரியில் இருந்தது, 2000-இல் ஒரு நாளிதழ் தன் இணையதளத்தில் போட்ட பிறகுதான் சாதாரண ஆட்கள் படிக்க முடிந்தது. 1971 கிழக்குப் போர்முனையின் ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று 2010-இல் செய்தி வந்தபோது அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, வார் டைரி எழுதியவனுக்குத்தான் அது புரியும். 2022 டிசம்பரில் தேசிய ஆவணக் காப்பகத்தின் அப்போதைய தலைமை இயக்குநரே, 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் எங்களிடம் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த வரிசையில் 1999-உம் சேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம். ரகசியமாக வைத்திருப்பதற்கும் தொலைத்துவிடுவதற்கும் நடுவில் ஒரு கறையான் புற்றுதான் வித்தியாசம்.

2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த நான்கு நாள் மோதலுக்கும் இதே கொள்கைதான் பொருந்தும். குழு அமைக்க 2 ஆண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கணக்குப் போட்டால் 2027 மே. அந்தச் சில இரவுகளில் டிவியில் கராச்சித் துறைமுகமே போய்விட்டது என்று கத்தியதை நாங்கள் பார்த்தோம், விடிந்ததும் துறைமுகம் அங்கேயே இருந்தது. உங்கள் பக்கம் காகிதம் வரத் தாமதமானால் அந்தக் கத்தல்தான் வரலாறு ஆகும். சரி, அது தனிக் கடிதம், இங்கே வேண்டாம்.

இப்போது நான் கேட்பது பெரிசு இல்லை. முதல் பீகார் பட்டாலியனின் வார் டைரி, 1999 மே, ஜூன், ஜூலை. அதோடு 70-ஆவது பிரிகேடின் டைரி. ஜுபார், காலுபார், குக்கர்தாங் சண்டைகளின் பக்கங்கள். காலுபாரில் கேப்டன் மனோஜ் குமார் பாண்டேயோடு ஏறிய கூர்க்காக்களின் டைரி, சோர்பத் லாவில் மேஜர் சோனம் வாங்சுக்கோடு போன லடாக் ஸ்கவுட்ஸ் டைரி. வெளியிடுவதற்கு முன்னால், இறந்தவர்களின் வீடுகளுக்கு அவரவர் பக்கத்தை ஒரு நகல் எடுத்து அனுப்பிவிடுங்கள், பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்கிற நிலைமை அவர்களுக்கு இரண்டாவது முறையும் வர வேண்டாம். ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ இருந்தால் பரவாயில்லை, மொழிபெயர்க்க ஆள் நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்.

அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், முடிவில் ஒன்றே ஒன்று சேர்க்கச் சொன்னார். அந்த மலையில் ரம்மியமான கையெழுத்தெல்லாம் வராதாம், கை விறைத்துப்போய் எழுதியிருப்பார்கள், பாதி எழுத்து புரியாது, சுருக்கெழுத்து வேறு யூனிட்டுக்கு யூனிட் மாறும். "அதை எழுதுன கிளார்க்கைக் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லு. என்னைவிடச் சின்னவனாத்தான் இருப்பான், பென்ஷன் வாங்கிக்கிட்டு பீகார்ல எங்கியாவது இருப்பான். விலாசம் ரெக்கார்டு ஆபீஸ்ல கிடைக்கும்" என்றார்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு ஹவில்தார் கிளார்க்கின் மகன்